முளையும் விளைவும்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம் நாட்டிற் சிறுவரும் அறிந்த பழமொழி. பாடசாலை மைதானத்திலே ஒரு சிறுவன் ஏனையோரைப் பின்னே விட்டு ஓடி வரும்போது, வேலியோரம் நிற்கும் பெரியோர் வாயில் முதலில் எழுவது இதுவேயாகும். அச்சுவேலி மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் செய்து வாழ்ந்த குடியிற் பிறந்த எமக்கு இப்பழமொழியின் உண்மையில் ஐயமில்லை. ஆயின், அதன் பொருளைப் பிழைபடக் கொள்வாரும் உளர். அப்பிழையின் பயனை அனுபவிப்போர் அவரல்லர், சிறுவரே. ஆதலின், கல்லூரியின் புகழ் கூறும் கட்டுரைகள் பல இடம்பெறும் இவ்விழா மலரிலே, புகழ்ச்சியை விடுத்து இவ்வொரு பொருளை ஆராயப் புகுந்தோம்.

விழா ஆண்டு பிறந்தது முதல் பழைய மாணவர் சிலர் எம்மிடம் ஒரு கருத்தைக் கூறி வருகின்றனர். அயலிலுள்ள சிறு பாடசாலைகளில் 12, 13 வயதிலேயே விளையாட்டிற் சிறந்து தோன்றும் பிள்ளைகளைத் தேடியறிந்து, உறைவிடமும் உணவும் சப்பாத்தும் கொடுத்து நம் கல்லூரிக்கு அழைத்துக்கொள்ளல் வேண்டும். அதற்காகும் செலவைக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஏற்பர். அவ்வாறு செய்தால் ஐந்தாண்டுகளிற் கேடயங்கள் நம் மண்டபத்தை நிறைக்கும் என்பது அக்கருத்து. இதனைக் கூறுவோர் நல்லெண்ணம் உடையோர். இக்கல்லூரி மைதானத்திலே தாமும் வியர்வை சிந்தியோர். அவர்தம் அன்பை மதித்தே, அக்கருத்தின் வரலாற்றையும் அதனால் விளையும் நன்மை தீமைகளையும் ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

பிற நாட்டு வரலாறு

கல்லூரிகள் விளையாட்டுக்கென மாணவரைத் தேடி அழைக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிப் பெரிதும் வளர்ந்தது. அந்நாட்டிற் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே நிகழ்ந்த முதற் போட்டி, 1852 ஆம் ஆண்டில் ஹாவாட், யேல் என்னும் இரு கல்லூரிகளும் நியூ ஹம்சயர் மாநிலத்து ஏரியொன்றில் நடத்திய படகோட்டமாகும். அப்போட்டிக்குச் செலவேற்றது ஒரு புகைவண்டிக் கம்பனி. ஏரிக்கரைக்குப் பயணிகளை வரவழைத்தல் அக்கம்பனியின் நோக்கம். கல்லூரி விளையாட்டு, பிறந்த நாளிலேயே வணிகத்தின் கையைப் பற்றிக்கொண்டது என்பதை மாணவர் இங்கே மனங்கொள்வாராக.

பின்னர்ப் போட்டி மிகுந்தது. வெற்றியில் வேட்கை மிகுந்தது. வெற்றி தரத்தக்கவரைப் பணங்கொடுத்துச் சேர்க்கும் வழக்கமும் மிகுந்தது. 1906 ஆம் ஆண்டிற் கல்லூரிகள் ஒன்றுகூடி விளையாட்டுக்கென ஒரு பொதுச் சங்கம் அமைத்தன. ஆயினும், 1929 ஆம் ஆண்டிற் கார்னகி நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றுட் பெரும்பாலானவற்றில் வீரரைத் தேடிப் பிடித்துப் பொருளுதவி செய்யும் வழக்கம் வேரூன்றி இருந்ததைக் காட்டிற்று. 1956 ஆம் ஆண்டில், கல்வித் தகுதியையோ வறுமையையோ நோக்காது, விளையாட்டுத் திறமை ஒன்றையே கருதி உதவித்தொகை வழங்க மேற்கூறிய சங்கமே இசைந்தது. 1964 ஆம் ஆண்டில், கல்லூரி புகவிருக்கும் மாணவன் இன்ன கல்லூரியிலே சேர்வேன் என்று கையொப்பமிடும் பத்திரம் நடைமுறைக்கு வந்து, 2024 ஆம் ஆண்டு வரை நிலவிற்று.

அப்பத்திரத்திற் கையொப்பமிடுவோர் உயர்நிலைப் பாடசாலையின் இறுதி வகுப்பினர். பதினேழு பதினெட்டு வயதினர். அதனாற் பெருங்கேடு விளைந்ததெனக் கூறல் இயலாது. கேடு வேறு வழியாக நுழைந்தது. பத்திரம் எழுத வயது வரவில்லையாயினும் வாய்ச்சொல்லுக்கு வயதெல்லை இல்லை அன்றோ? “உனக்கு எம் கல்லூரியில் இடம் உண்டு” என்று பயிற்றுநர் ஒருவர் ஒரு சிறுவனிடங் கூறுவார். சிறுவன் “வருவேன்” என்பான். இவ்வாய்மொழி இரு பாலாரையுஞ் சட்டத்தாற் கட்டுவதன்று. ஒரு கல்லூரி பதினாறு வயதினனிடம் பேசினால், மற்றையது பதினைந்து வயதினனிடம் பேசும். மூன்றாவது பதினான்கு வயதினனைத் தேடும். இவ்வாறு வயது படிப்படியாகக் கீழே இறங்கிற்று. 2009 ஆம் ஆண்டில், கூடைப்பந்தாட்டத்தைப் பொறுத்தவரை ஏழாம் வகுப்புச் சிறுவரையும் ‘அழைக்கத்தக்கோர்’ என வகுத்துத் தன் விதிகளுக்குள் அடக்க வேண்டிய நிலை அச்சங்கத்திற்கு ஏற்பட்டது. அச்சிறுவரைச் சுற்றிப் பயிற்றுநர் முன்னரே வட்டமிடத் தொடங்கியமையே அதற்குக் காரணம்.

அடுத்த ஆண்டாகிய 2010 இல் நிகழ்ந்த ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர், நாட்டின் மறுகரையில் வாழ்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இடந் தருவதாக வாக்களித்தார். ஏழாம் வகுப்பிற் கற்ற அச்சிறுவனும் அதனை ஏற்றான். அவன் பல்கலைக்கழகம் புகவேண்டிய ஆண்டு 2015. ஆனால் 2013 ஆம் ஆண்டில் அப்பயிற்றுநர் பதவி நீக்கப்பட்டார். அவரோடு அவ்வாக்கும் போயிற்று. அச்சிறுவன் வேறொரு பல்கலைக்கழகஞ் சென்று, எந்நிலையில் ஆடுவான் என்று சிறுவயதிற் புகழப்பட்டானோ அந்நிலையிலன்றி, வேறொரு நிலையிலே ஆடிப் பின்னாளிற் பெயர் பெற்றான். 13 வயதிற் கணித்தோர் கணிப்பும் பிழைத்தது. கொடுத்த வாக்கும் பிழைத்தது. அவன் தன் முயற்சியாற் பிழைத்தான். எல்லாரும் அவ்வாறு பிழைப்பரோ?

இறுதியில் அந்நாட்டாரும் விழித்துக்கொண்டனர். 2017 ஆம் ஆண்டில், லக்ரோஸ் என்னும் வலைக்கோற் பந்தாட்டத்தில், பதினோராம் வகுப்புத் தொடங்கும் வரை பயிற்றுநர் எவரும் மாணவனோடு அழைப்புப் பற்றிப் பேசலாகாது என விதித்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில், பத்தாம் வகுப்பு முடியும் வரை பேசலாகாது என்னும் விதியை வேறு பல விளையாட்டுகளுக்கும் வகுத்தனர். அஃதாவது, ஏறக்குறைய பதினாறு வயது. இவ்வெண்ணை நினைவிற் கொள்க. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலே இத்துணைப் பெரிய வணிகம் இல்லை. ஆயினும் அதன் ஒன்றுவிட்ட தம்பி நம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கின்றான். இங்கே ‘கல்லூரி’ எனப்படுவது பெரும்பாலும் ஆறு வயதுப் பிள்ளை முதற் பத்தொன்பது வயது இளைஞன் வரை கற்கும் பாடசாலையே. ஆதலின், வீரரைத் தேடி அழைத்தல் என்பது இங்கே ஒரு பாடசாலை மற்றொரு பாடசாலையின் பிள்ளையை அழைத்தலேயாகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியையும், புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் போட்டியையும் அறியாதார் இல்லை. நம் இந்துக் கல்லூரிகளும் அவ்வழக்கைப் பின்பற்றித் தம்முள் ஆடுகின்றன. இவை நட்பை வளர்க்கும் நன்முயற்சிகள். ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே மோதும் போட்டி ஒன்று இருக்குமாயின், அதில் வெல்லத்தக்க பிள்ளையை எங்கிருந்தாயினும் கொணரவேண்டும் என்னும் ஆசையும் உடன் பிறக்கும்.

கிராமத்துப் பிள்ளையைப் பெரிய கல்லூரி அழைத்தல் தன்னளவிற் குற்றமன்று. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்திலே, 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. கிராமங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிற் சித்தியடைந்த ஏழைப் பிள்ளைகள் உதவித்தொகை பெற்று அங்கே சென்று கற்றனர். நம்முட் பலர் அவ்வழியே வந்தோம். ஆயின் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. புலமைப்பரிசில் பெற்றுச் சென்ற பிள்ளை எட்டாம் வகுப்பிலே புள்ளி குறைந்தாற் “பெட்டியைக் கட்டு” என்று அவனை ஒருவரும் அனுப்புவதில்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது கல்வி. அது திரும்பப் பெறப்படுவதில்லை. ஓட்டத்துக்காக அழைக்கப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கப்படுவது யாது? அவன் கால் ஓடும் வரை ஓர் இடம். கால் நின்றால் இடமும் நின்றுவிடுமாயின், அதனைக் கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

உடல் கூறும் பாடம்

இனி, 12, 13 வயதிற் காணப்படும் திறமை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம். பெண்பிள்ளைகள் ஏறக்குறையப் பன்னிரண்டு வயதிலும் ஆண்பிள்ளைகள் ஏறக்குறையப் பதினான்கு வயதிலும் மிக விரைந்து உயர்கின்றனர் என்பது உடலியலார் கண்ட பொது உண்மை. ஆயினும் அது சராசரிக் கணக்கு. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவரில் ஒருவனது உடல் பதினொரு வயதினனது போலவும், மற்றவனது உடல் பதினைந்து வயதினனது போலவும் இருத்தல் கூடும். ஓட்டப் போட்டியில் இவ்விருவரையும் ஒரு கோட்டில் நிறுத்தி, முன்னதாக உயர்ந்தவன் வென்றபோது “இவனே வீரன்” என்கின்றோம். நாம் கண்டது திறமையன்று. காலத்தால் முந்திய வளர்ச்சி. இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் பிந்தியவன் உயர்ந்து முந்தியவனை எட்டும்போது, “இவனுக்கு என்ன நேர்ந்தது?” என்று வியக்கின்றோம். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. மற்றவர்க்கு நேரவேண்டியது நேர்ந்தது, அவ்வளவே.

பிறந்த மாதமும் இவ்விடத்திற் கருதற்பாலது. கனடா நாட்டிலே பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹொக்கி அணிகளை ஆராய்ந்தோர் 1985 ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். சிறந்த இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிற் பிறந்தோர் மிகப் பலர். இறுதி மூன்று மாதங்களிற் பிறந்தோர் மிகச் சிலர். தை மாதத்திற் பிறந்தவர்க்கு நற்கிரகம் வாய்த்தது என்று சோதிடர் கூறலாம், காரணம் அதுவன்று. வயதெல்லை ஆண்டின் முதல் நாளைக் கொண்டு வகுக்கப்பட்டமையால், தொடக்கத்திற் பிறந்தவன் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவனாயிருந்தும் அதே பிரிவில் ஆடினான். மூத்தவன் வென்றான்; வென்றவன் தெரியப்பட்டான்; தெரியப்பட்டவன் நல்ல பயிற்சி பெற்றான்; பயிற்சி பெற்றமையால் உண்மையாகவே சிறந்தவன் ஆனான். மார்கழியிற் பிறந்தவன் “எனக்கு இது வராது” என்று ஒதுங்கிப் போயினான். இளமையிற் தெரிந்தெடுத்தல் எவ்வளவு கடுமையாகின்றதோ, அவ்வளவுக்கு இவ்வநீதியும் கடுமையாகும்.

மேலும், வளரும் எலும்பு வளர்ந்த எலும்பு போன்றதன்று. முழங்காலுக்குக் கீழே, தொடைத் தசையின் நாண் வந்து பற்றும் இடம் விரைந்து வளரும் பருவத்திலே மெல்லியதாயிருக்கும். ஓட்டமும் பாய்தலும் ஓய்வின்றி நிகழின் அவ்விடம் வீங்கி நோவும். ஓய்வு கொடுத்தாற் பெரும்பாலும் மாறும், கொடாவிடிற் நீளும். இக்காரணங்களாலே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016 ஆம் ஆண்டில், 15, 16 வயது வரை பிள்ளைகள் ஒரே விளையாட்டிற் கட்டுண்ணாது பலவும் ஆடுதல் நன்று என்றும், தாம் சிறப்பாக ஆடும் விளையாட்டிலிருந்து ஆண்டில் மூன்று மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்தேனும், ஓய்ந்திருத்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்திற்று. ஈண்டும் அந்தப் பதினாறு வயதே எல்லையாக வருதலை நோக்குக.

எம் வகுப்பில் இருந்த ஒரு மாணவன்

மேலே கூறியன நூலறிவு. இனிக் கூறப்போவது யாம் கண்டறிந்தது. கூற நாணுவதும் ஆகும். பல ஆண்டுகளுக்கு முன், யாம் வேறொரு சிறு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், எட்டாம் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். தந்தையில்லாப் பிள்ளை, தாய் தோட்டங்களிற் கூலிக்கு வெங்காயம் பிடுங்குபவர். பதின்மூன்று வயதிலேயே நெடிதுயர்ந்து நின்றான். நூறு மீற்றர் ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் அவனை வெல்வார் கோட்டத்தில் இல்லை. ஒருநாட் பெரிய பாடசாலையொன்றிலிருந்து சிலர் வந்தனர். விடுதியில் இடம், உணவு, முள்ளுச் சப்பாத்து, கொழும்புப் பயணம் என யாவுங் கூறினர். தாய் தயங்கினார். “மாஸ்டர், நீங்கள் சொன்னால் விடுகிறன்” என்றார். யாம் சொன்னோம். “விளையும் பயிர் முளையிலே தெரியும், அம்மா” என்று அப்பழமொழியையே எடுத்துக் கூறினோம். விடுகைப் பத்திரத்தை அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்தவரும் யாமே.

முதலாண்டிற் கேடயம் வந்தது. புதினப் பத்திரிகையிற் படம் வந்தது. இரண்டாம் ஆண்டில் முழங்காலில் நோவு வந்தது. நோவோடு ஓடினான். அவன் உயரம் நின்றுவிட்டது. ஒத்த வயதினர் உயர்ந்து வந்து அவனை எட்டினர். மூன்றாம் ஆண்டில் விடுதி இடம் வேறொரு சிறுவனுக்கு வேண்டியிருந்தது. எவரும் அவனை வெளியேறு என்று கூறவில்லை. அடுத்த தவணைக்கு இடம் இல்லை என்று மட்டும் கூறினர். அச்சுவேலியிலிருந்து நாடோறும் பேருந்தில் அங்கே சென்றுவர அவ்வீட்டில் வகையில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது எம்மிடமே திரும்பி வந்தான். பயிற்சிக்கும் பயணத்துக்குமாக வகுப்புகளை விட்டமையாற் கணிதத்திலும் தமிழிலும் பின்தங்கி இருந்தான். ஒருமுறை “அவர்கள் உன்னை ஏமாற்றினார்களா?” என்று கேட்டோம். “இல்லை, சேர். அவை ஓடுறதுக்குத்தானே கூப்பிட்டவை” என்றான். அவ்விடை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. பதினாறு வயதுப் பிள்ளை, தன்னைத் தன் காலுக்கு மேல் வேறொன்றாக எண்ணுவதையே மறந்திருந்தான். பரீட்சையில் அவன் சித்தியடையவில்லை. இரண்டாம் முறை எழுதச் செய்வதற்கு யாம் அவன் வீட்டுக்கு நடந்த நடை, அந்த ஒரு வாக்கியத்துக்காக யாம் செலுத்திய தண்டனை என்க. இரண்டாம் முறை தேறினான். இன்று தொழில் செய்து தாயைக் காக்கின்றான். ஆயினும் மைதானத்தின் பக்கம் அவன் வருவதில்லை.

காத்திருந்து விளைந்தோர்

இதனைக் கூறியமையால், விளையாட்டினால் ஒருவன் உயர்வதை யாம் விரும்பவில்லை என்று கொள்ளற்க. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிலும் 1956 ஆம் ஆண்டில் மெல்பேணிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்தார். 1958 ஆம் ஆண்டில் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அப்போது அவர் இருபத்து மூன்று வயதினர். லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் கற்றவர். பின்னர்க் கோணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விளையாட்டும் கல்வியும் ஒன்றையொன்று விழுங்காது உடன் வளர்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அவர்கள் வலைப்பந்தாட்டத்திற் பெற்ற புகழை மாணவிகள் அறிவர். 2009, 2018 ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றபோது அவ்வணியில் நின்றவர் அவர். முன்னைய ஆண்டில் முப்பதை அண்மியவர், பின்னைய ஆண்டில் நாற்பதை அண்மியவர். பதின்மூன்று வயதிலே கதவை அடைக்கும் ஊரில், இத்துணை நீண்ட விளையாட்டு வாழ்வுக்கு இடம் எங்கே? துடுப்பாட்டத்தில் வியாஸ்காந்த் விஜயகாந்த் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலேயே ஆடிப் பயின்று, 2020 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதளவில், லங்கா பிறிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசினார். 2024 ஆம் ஆண்டில் இந்தியாவின் ஐ.பி.எல். அரங்கிலும் ஆடினார்.

இடம் மாறி உயர்ந்தோரும் உளர். காலி மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்த லசித் மாலிங்க, பதின்ம வயதின் பிற்பகுதியிலே சம்பக்க ராமநாயக்க என்னும் முன்னாள் வீரர் கண்ணிற் பட்டு, காலி மகிந்த கல்லூரிக்கு அழைக்கப்பட்டு, உலகறிந்த பந்து வீச்சாளரானார். இங்கே நோக்கற்பாலது அழைக்கப்பட்ட வயது. உடல் தன் வளர்ச்சியைப் பெரும்பாலும் முடித்து, மனம் தன் விருப்பத்தைத் தானே சொல்லக்கூடிய பருவம் அது. ஆகவே, அழைத்தல் தீதன்று. பருவமறியாது அழைத்தலும், பயன் முடிந்தபின் கைவிடுதலுமே தீது.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்பொன்று எழும். “சிறு பாடசாலையில் மைதானம் இல்லை, பயிற்றுநர் இல்லை, பந்துகூட இல்லை. பதினாறு வயது வரை அப்பிள்ளையை அங்கேயே விட்டால் அவன் திறமை வாடிவிடாதா?” என்பர். இம்மறுப்பு வலியது, இதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் வலிகாமத்துப் பாடசாலைகள் இழந்தவை பல. வறிய பிள்ளைக்கு உதவி செய்யாது, “நீ வளரும் வரை காத்திரு” என்று அறிவுரை மட்டும் கூறுதல் கொடுமையேயாம்.

ஆயின், தோட்டக்காரன் செய்வதை நோக்குக. வாடும் பயிருக்கு நீர் வேண்டுமாயின் அவன் நீரைப் பயிருக்குக் கொண்டுசெல்கின்றான். பயிரைப் பிடுங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுவருவதில்லை. பிள்ளையைத் தாயிடமிருந்தும் ஊர்ப் பாடசாலையிலிருந்தும் பெயர்ப்பதற்குச் செலவிடும் பணத்தை, பந்தாகவும் வலையாகவும் பயிற்றுநராகவும் அப்பாடசாலைக்கு அனுப்பினால் ஒரு பிள்ளையன்று, ஒரு வகுப்பே பயன்பெறும். 1991 ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்தை எண்ணுக. ஒரு வலை, இரு கம்பம், ஒரு பந்து, சமமான நிலம் ஆகியவையே அதற்கு வேண்டுவன. நம் பகுதிக் கிராமங்கள் அவ்விளையாட்டிற் பெயர் பெற்றமைக்கு எந்தப் பெரிய கல்லூரியின் விடுதியும் காரணமன்று. மாலை தோறும் ஊர் வெளியிற் கூடிய இளைஞரே காரணம்.

செய்யத்தக்கன

ஆதலின், விழா ஆண்டிலே நம் கல்லூரி தானே தனக்கு விதித்துக்கொள்ளத்தக்கன என யாம் கருதுவனவற்றைப் பழைய மாணவர் சங்கத்தின் முன் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடியும் முன் எப்பிள்ளையையும் விளையாட்டுக்கென அழைத்தல் ஆகாது. அப்பரீட்சை பதினாறு வயதளவில் வருவது. உயர்தர வகுப்பில்லாச் சிறு பாடசாலைகளின் மாணவர் அப்போது எப்படியும் வேறு கல்லூரி நாடவேண்டியவரே. அவ்வேளையில் அழைத்தால், எவரது தோட்டத்துப் பயிரையும் நாம் பிடுங்கியவர் ஆகோம்.

இரண்டாவது: அழைத்த பிள்ளைக்குக் கொடுக்கும் இடம் கற்கும் இடமாதல் வேண்டும். கால் முறிந்தாலும், ஓட்டம் குறைந்தாலும், அவனே விளையாட்டை வெறுத்து விட்டாலும், உயர்தரப் பரீட்சை எழுதும் வரை அவ்விடமும் உதவியும் நீங்கா என்பதை எழுத்தில் எழுதி, அதிபரும் சங்கத் தலைவரும் கையொப்பமிட்டுப் பெற்றோர் கையிற் கொடுத்தல் வேண்டும். வாய்ச்சொல் பயிற்றுநரோடு போய்விடும் என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது: பிள்ளையோடு பேசுமுன் அவனது பாடசாலை அதிபரோடும் பெற்றோரோடும் பேசுதல் வேண்டும். அவன் பெறும் வெற்றிகளை நம் ஏட்டிற் பதியும்போது, அவனை வளர்த்த பாடசாலையின் பெயரையும் உடன் பதிதல் வேண்டும். பெற்ற தாயை மறைத்து வளர்த்த தாய் புகழ் கொள்ளுதல் சைவப் பிள்ளைகளைப் பயிற்றும் நிலையத்துக்கு அழகன்று.

நான்காவது: அயற் பாடசாலைப் பிள்ளைகள், தம் பாடசாலையை விட்டு நீங்காமலே, வாரத்தில் இரு மாலைகளில் நம் மைதானத்தில் நம் பயிற்றுநரிடம் பயில இடமளித்தல் வேண்டும். அவர்கள் நாளை நமக்கு எதிராக ஆடி நம்மை வெல்லவுங் கூடும். வென்றால் அதுவும் நம் மைதானத்தின் வெற்றியே.

ஐந்தாவது: நம் கல்லூரிச் சிறுவரும் பதினைந்து வயது வரை ஒரே விளையாட்டிற் கட்டுண்ணாது, மெய்வல்லுநர் போட்டி, உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் என யாவும் ஆடுக. இன்று பின்னே ஓடி வருபவனையும் பயிற்சியிலிருந்து நீக்கற்க. அவன் மார்கழியிற் பிறந்தவனாய் இருத்தல் கூடும்.

முடிவுரை

இனித் தொடங்கிய பழமொழிக்கே மீள்வோம். “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பதிற் ‘பயிர்’ எழுவாய்; ‘விளையும்’ என்பது அதனைச் சிறப்பிக்க வந்த பெயரெச்சம். விளையப்போகும் பயிரின் இயல்பு முளையிலேயும் புலப்படும் என்பதே பொருள். முளையிலே உயர்ந்து தோன்றுவன யாவும் விளையும் என்று அப்பழமொழி கூறவில்லை; முளையிலே தாழ்ந்து தோன்றுவன விளையா என்றும் கூறவில்லை. இந்த இரண்டையும் நாமே கூட்டிக்கொண்டோம். புகையிலைக் கன்று நடுபவரைக் கேட்டுப் பாருங்கள். பாத்தியில் நெடுநெடென்று எழுந்த கன்றை அவர் கண்டு மயங்குவதில்லை; வேரையும் தண்டையும் பார்ப்பார். நடும் பருவம் வரும் வரை பிடுங்கவும் மாட்டார்.

பழைய மாணவ நண்பர்களே, நீங்கள் அனுப்பும் பொருள் உங்கள் உழைப்பு. அது கேடயமாக மண்டபத்தில் நிற்பதை விரும்புவது இயல்பே. ஆயின் கேடயத்தைத் துடைக்கும்போது, அதனை வென்று தந்த பிள்ளை இன்று எங்கே இருக்கின்றான் என்று ஒருவர் கேட்டால், நாணாது விடை சொல்லக்கூடியவராய் நாம் இருத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, உங்களை ஒருவர் தேடி வந்து அழைத்தால் மகிழுங்கள், ஆயின், “நான் ஓடாவிட்டாலும் என்னை வைத்திருப்பீர்களா?” என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு ஆம் என்று எழுத்தில் விடை தருவதே உண்மையான கல்லூரி. நம் கல்லூரி அவ்வாறு விடை தரும் கல்லூரியாக அடுத்த விழாவைக் காண்பதாக.